பெர்மிட் முடிய 38 நாள், பாஸ்போர்ட் முதலாளியிடம். கே.எல். கடைக்குப் போகலாமா?

தண்ணி_கலக்கும்_தம்பி (பினாங்கு)

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். 2024 மார்ச்சில் பினாங்கு வந்தேன். ஜெலுத்தோங்கில் ஒரு நாசி கண்டார் (சோறு, குழம்பு) கடையில் தண்ணி கலக்குகிறேன், அதாவது டீ, காபி போடுகிறேன். ராத்திரி ஆள் குறைந்தால் ரொட்டிக் கல்லுக்கும் போவேன். பெர்மிட் 2026 மார்ச் 14-ஆம் தேதி முடிகிறது. இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், 38 நாள்.

சம்பளம் கவரில் போட்டுத் தருவார்கள். கவர் மேலே பென்சிலில் கணக்கு இருக்கும். பேசிக் 1,700 வெள்ளி (ரிங்கிட்), ஓ.டி. 250. அதில் பெர்மிட்டுக்கு 200 கழிவு, போன அக்டோபரிலிருந்து இபிஎஃப் (சேமநிதி) 34 கழிவு. அந்த 200-ஐ 2024 ஜூனிலிருந்து பிடிக்கிறார்கள், இதுவரை 20 மாதம். கேட்டால், "உனக்குத்தானே பெர்மிட் அடிக்கிறேன், நீ கட்டாம வேற யாரு கட்டுவா?" என்கிறார் முதலாளி. வேலை மாலை 4 மணிக்குத் தொடங்கி விடிகாலை 4 மணி வரை. மாதத்தில் இரண்டு நாள் லீவு. பாஸ்போர்ட்டை வந்து இறங்கிய அன்று வாங்கினார்கள், அதற்குப் பிறகு நான் கண்ணால் பார்க்கவில்லை.

தைப்பூசத்தன்று ராத்திரி இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனேன். அங்கே ஒரு பந்தலில் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். கே.எல். செந்தூலில் ஒரு கடையில் சமைக்கிறாராம். அவர் முதலாளியிடமே போன் போட்டுக் கொடுத்தார். மாதம் 2,500 வெள்ளி, தங்க இடம், வாரம் ஒரு நாள் லீவு என்று அந்த முதலாளி சொன்னார். "பாஸ்போர்ட் இல்லாட்டியும் பரவால்ல, வா. இங்க வந்து பெர்மிட்ட மாத்திக்கலாம்" என்றும் சொன்னார்.

ஊரில் ஏஜெண்டுக்கு 1,40,000 ரூபாய் கொடுத்துதான் வந்தேன். அதில் 60,000 அம்மா நகையை அடகு வைத்தது, இன்னும் மீட்கவில்லை. ஆவணியில் தங்கச்சி கல்யாணம் வேறு. 2,500 என்றதும் எனக்கு மூன்று நாளாகத் தூக்கம் இல்லை.

செந்தூல்காரர் பெர்மிட் மாற்றித் தர முடியுமா? இவர் பிடித்த 200 சரியா? பாஸ்போர்ட்டைச் சண்டை இல்லாமல் எப்படிக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என்னிடம் போனில் பெர்மிட் படம் ஒன்று இருக்கிறது, 11 கவர் பத்திரமாக வைத்திருக்கிறேன். மற்றது எதுவும் என் கையில் இல்லை.

கே.எல்._பையன் (கோலாலம்பூர்)

தம்பி, நானும் ஈப்போவில் ஒரு கடையில் இருந்தேன், இதே மாதிரி கழிவு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ராத்திரி பஸ் ஏறி கே.எல். வந்துவிட்டேன். இப்போது கை நிறைய வருகிறது. நீ பயப்படும் அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல முதலாளியாக இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார். 38 நாளை வீணாக்காதே, பெர்மிட் உயிரோடு இருக்கும்போதே வந்துவிடு.

பட்டர்வொர்த்_கணக்கு_அக்கா (பினாங்கு)

தம்பி, போகாதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நான் பட்டர்வொர்த்தில் பிறந்தவள். 14 வருடமாக இந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கும் பெர்மிட்டும் பார்க்கிறேன். உன்னைப் போல எத்தனையோ தம்பிகளுக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பியிருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நாம் பெர்மிட் என்று சொல்வது பி.எல்.கே.எஸ்., தற்காலிக வேலை அனுமதி. அதில் உன் பெயரோடு உன் முதலாளி பெயரும் இருக்கும். போனில் படம் இருக்கிறது என்றாயே, திறந்து பார். மலேசியாவில் எங்கே வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்று அது சொல்லவில்லை. இவரிடம், இந்தத் தொழிலில் என்றுதான் சொல்கிறது. செந்தூல் கடையில் நீ முதல் டம்ளர் தே தாரேக் இழுத்த நிமிடமே அனுமதியின் நிபந்தனையை மீறியவன் ஆகிவிடுவாய், பெர்மிட் தேதி முடியாமல் இருந்தாலும் அப்படித்தான். அதோடு உன் முதலாளி சும்மா இருக்க மாட்டார். ஆள் ஓடிவிட்டான் என்று இமிக்ரேசனில் ரிப்போர்ட் கொடுத்துவிடுவார், ஓடிய ஆளின் பொறுப்பு தன் தலையில் விழக்கூடாது என்று. பெர்மிட் ரத்து ஆனதும் நீ கோசோங், அதாவது காகிதம் இல்லாத ஆள். குடிநுழைவுச் சட்டத்தில் அதற்குப் பெரிய அபராதம் அல்லது 5 வருடம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். செல்லுபடியாகும் பாஸ் இல்லாமல் இருந்தான் என்று 6(1)(சி) பிரிவில் பிடித்தால் 6 பிரம்படி வரை அதில் இருக்கிறது. அந்தச் செந்தூல்காரரும் தப்ப முடியாது, ஒரு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வரை அபராதம். இது தெரிந்தும் "பாஸ்போர்ட் இல்லாட்டியும் வா" என்று ஒருவர் கூப்பிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கையில் காகிதம் எதுவும் இல்லாதவன் சம்பளம் கேட்டு எங்கேயும் போக முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பெர்மிட் மாற்றலாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். முதலாளி நினைத்தால் அடித்துத் தருகிற ரப்பர் ஸ்டாம்ப் இல்லை அது. முதலாளிக்கு முதலில் கோட்டா, அதாவது இத்தனை வெளிநாட்டு ஆள் எடுக்கலாம் என்ற அனுமதி வேண்டும், கோட்டாவை அரசாங்கம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது அவர் கையில் இல்லை. புதுக் கோட்டாவை 2023 மார்ச் 18-ஆம் தேதி நிறுத்தினார்கள். ஏற்கெனவே அனுமதி கிடைத்த ஆட்களும் 2024 மே 31-க்குள் வந்து இறங்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். நீ மார்ச்சில் வந்தாயே, கதவு சாத்துவதற்குச் சற்று முன்னால் நுழைந்தவன் நீ. முடிதிருத்தும் கடை, நகைப் பட்டறை, துணிக்கடை மூன்றுக்கும் 2009-இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். லெபோ பசாரில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவர் ஆள் இல்லாமல் பட்டறைப் பலகையை மடித்துச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். 2023-இல்தான் மூன்று தொழிலுக்கும் சேர்த்து 7,500 பேர் எடுக்கலாம் என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். நடுவே 14 வருடம். சங்கம் வைத்துக் கேட்ட முதலாளிமாருக்கே அவ்வளவு காலம் ஆனது. போனில் "மாத்திக்கலாம்" என்பவர் சொல்லை நம்பி உன் பெயரை நீயே அழித்துக்கொள்ளாதே. முதலாளி மாற்றம் அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் சில நேரங்களில் நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. அது துறையில் விண்ணப்பித்து, அனுமதி வாங்கி நடப்பது. ஓடி வந்தவனுக்கு இல்லை.

இப்போது 200. உன் முதலாளி கட்டும் பெரிய தொகை லெவி, வெளிநாட்டு ஆளுக்காக அரசாங்கத்துக்குக் கட்டுவது. ரெஸ்டாரண்ட் சேவைத் துறையில் வருகிறது, அதனால் வருடத்துக்கு 1,850 வெள்ளி. 2018 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து அதை முதலாளிதான் ஏற்க வேண்டும், தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. உன்னிடம் 20 மாதம் பிடித்தது 4,000. அவர் இரண்டு வருடத்துக்குக் கட்டிய லெவி 3,700. உன் லெவியை முழுக்க நீயே கட்டி, மேலே 300-ம் கொடுத்திருக்கிறாய் தம்பி. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இபிஎஃப் கழிவு மட்டும் சரி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் கட்டாயம். நீ 2 விழுக்காடு, அவர் 2 விழுக்காடு. 1,700-க்கு 34. பிடித்ததை உன் கணக்கில் கட்டினாரா என்று மட்டும் பார்த்துக்கொள், ஊருக்குத் திரும்பும்போது அது உன் பணம்.

ஓ.டி.யும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,700-ஐ 26-ஆல் வகுத்து, 8-ஆல் வகுத்தால் மணிக்கு 8.17. ஓ.டி. ஒன்றரை மடங்கு, 12.26. சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழித்தாலும் நாளுக்கு 3 மணி கூடுதல் வேலை. 26 நாளுக்கு 956 வெள்ளி வருகிறது, உனக்குக் கிடைப்பது 250. வார ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அது தனிக் கணக்கு, அதை இங்கே சேர்க்கவில்லை. ஆக, செந்தூலில் தருவதாகச் சொல்லும் 2,500 ஜெலுத்தோங்கிலேயே உனக்குச் சேர வேண்டியது. போய்த் தேட வேண்டியதில்லை, கேட்டு வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

2016-இல் நான் வேலை பார்த்த கடையில் 17 பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டு இரும்பு அலமாரியின் கீழ் டிராயரில் வைத்திருந்தோம். மாலையில் பூட்டிச் சாவியை முதலாளியிடம் கொடுப்பது என் வேலை. அப்போது அது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை, எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஒரு நாள் பரமக்குடித் தம்பி ஒருவனுக்கு அம்மா இறந்துவிட்டார் என்று போன் வந்தது. முதலாளி வெளிநாட்டில், சாவி அவரோடு. போன் போட்டால் எடுக்கவில்லை. அந்தத் தம்பி மூன்று நாள் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. மூன்றாம் நாள் நானே பூட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைத்தேன். அவன் ஊர் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்து முடித்துவிட்டார்கள். அந்த அலமாரியைப் பூட்டியது என் கை. அடுத்த மாதம் வேலையை விட்டேன். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: ஆளுக்கொரு சின்ன லாக்கர், சாவி அவரவரிடம், இல்லாவிட்டால் நான் வரவில்லை.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தில் 12(1)(எஃப்) பிரிவு. அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரம் இல்லாமல் வைத்திருந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. ஆனால் நீ சட்டத்தைச் சொல்லித் தொடங்காதே. உன் கையில் நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. பெர்மிட் புதுப்பிக்க வேண்டுமானால் அதற்கு முன் போமேமா மெடிக்கல் எடுக்க வேண்டும், அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். "முதலாளி, பெர்மிட் முடியப் போகுது, மெடிக்கல் எப்ப போகணும்? பாஸ்போர்ட் குடுத்தா நானே போயிட்டு வந்துடறேன்" என்று கேள். அவர் முகத்தைப் பார். இன்னும் மெடிக்கலுக்குப் பதியவில்லை என்றால் புதுப்பிக்கும் எண்ணம் இருக்கிறதா என்பதே சந்தேகம், அது இப்போதே உனக்குத் தெரிய வேண்டும். நோன்பு மாதம் இரண்டு வாரத்தில் தொடங்கப் போகிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் தண்ணி கலக்குபவன் இல்லாமல் நாசி கண்டார் கடை ஓடாது. இந்த நேரத்தில் உன்னை இழக்க அவர் விரும்பமாட்டார்.

யாராவது பாஸ்போர்ட் தொலைந்துபோனதாக போலீஸ் ரிப்போர்ட் போடு, புதிது வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். செய்யாதே. அது பொய் ரிப்போர்ட். உன் பெர்மிட்டும் பழைய பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. அவர் தர மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் சொல்லலாம், கே.எல். மொன்ட் கியாராவில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் எழுதலாம்.

அறந்தாங்கி_திரும்பியவன் (ஊரிலிருந்து)

அக்கா சொன்னதற்கு மேல் எனக்குச் சட்டம் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

2013-இல் பிறையில் ஒரு கடையிலிருந்து கிள்ளான் பக்கம் ஓடினேன். 300 வெள்ளி கூட வரும் என்று. முதல் வருடம் வந்தது. அப்புறம் அந்த முதலாளி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சம்பளம் தர ஆரம்பித்தார். கேட்டால், "இமிக்ரேசனுக்கு போன் போடட்டுமா?" என்பார். சோதனை வருகிறது என்று யாராவது சொன்னால் பின்கதவு வழியாகப் போய்க் கால்வாய் ஓரம் உட்கார்ந்திருப்போம். பல் வலிக்குக்கூட ஆஸ்பத்திரி போக பயம். 2016-இல் அப்பா இறந்தார். அக்கா போனை அப்பா பக்கத்தில் வைத்தாள், ஒப்பாரி மட்டும் கேட்டது. நான் கடைக் கழிவறையில் நின்று கேட்டேன். மூத்த மகன் நான், கொள்ளி வைத்தது சித்தப்பா மகன்.

2018-இல் காகிதம் இல்லாதவர்கள் ஊர் திரும்ப அப்போது இருந்த 3+1 திட்டத்தில் 400 வெள்ளி கட்டித்தான் ஊர் வந்தேன். ஐந்து வருடம் கோசோங்காக இருந்து கொண்டுவந்த காசில் ஒரு டீக்கடை வைத்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் தம்பி, ஏஜெண்டுக்கு 1,40,000 கொடுத்தாய் என்றாயே. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். நமக்கு யாரும் சொல்வதில்லை. பணம் கொடுத்ததற்கு ரசீது, வங்கிக் கணக்கில் போட்ட சான்று எதுவும் இருந்தால் அப்பாவை எடுத்து வைக்கச் சொல். சென்னையில் புலம்பெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

கே.எல்._பையன் (கோலாலம்பூர்)

அண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. தம்பி, நான் சொன்னதை விட்டுவிடு. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினேன், ஆனால் நான் இரண்டு வருடமாக செந்தூல் ரயில் நிலையம் பக்கம்கூடப் போனதில்லை. பத்துமலை இவ்வளவு கிட்டே இருந்தும் இந்தத் தைப்பூசத்துக்குப் போகவில்லை. பாஸ்போர்ட் ஈப்போவிலேயே இருக்கிறது, அது போன வருடமே காலாவதி. அக்கா, என்னைப் போன்றவனுக்கு வழி இருக்கிறதா?

பட்டர்வொர்த்_கணக்கு_அக்கா (பினாங்கு)

இருக்கிறது. நீ எழுதியது நல்லது.

ஊர் திரும்புகிறவர்களுக்கான திட்டம் இரண்டாவது முறை ஓடிக்கொண்டிருக்கிறது. 2025 மே 19-இல் தொடங்கியது, 2026 ஏப்ரல் 30 வரை இருக்கும். பாஸ் இல்லாமல் இருந்ததற்கு 500 வெள்ளி அபராதம் கட்டினால் நீதிமன்றம் போகாமல் ஊர் போகலாம். முதலில் தூதரகத்தில் பயணப் பத்திரம் வாங்கு, பாஸ்போர்ட் காலாவதி ஆனதால் அது இல்லாமல் நகர முடியாது. அதற்கு நாள் பிடிக்கும், ஆகவே ஏப்ரல் வரை காத்திருக்காதே. இமிக்ரேசனுக்கு நீயே நேராகப் போ. "எல்லாம் நான் பார்த்துக்கறேன், 3,000 குடு" என்று வருபவர்களிடம் ஒரு காசு கொடுக்காதே. கே.எல். பக்கத்தில் தெனாகனித்தா என்ற அமைப்பு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகப் பல வருடமாக வேலை செய்கிறது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் அவர்களிடம் பேசு.

தண்ணி_கலக்கும்_தம்பி (பினாங்கு)

அக்கா, அண்ணன், எல்லாருக்கும் நன்றி. செந்தூல் நம்பரை அழித்துவிட்டேன்.

நேற்று கடை சாத்தும் நேரத்தில் அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மேனேஜரைப் பார்த்து, "இவனுக்கு இன்னும் மெடிக்கல் பதியலையா?" என்று சத்தம் போட்டார். இன்று காலை பதிந்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை போக வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார்கள். 23 மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன், படத்தில் எனக்கு மீசைகூட இல்லை. எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆனால் 200-ஐப் பற்றிக் கேட்க தைரியம் வரவில்லை. புகார் கொடுத்தால் கோபத்தில் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால்?

பட்டர்வொர்த்_கணக்கு_அக்கா (பினாங்கு)

பயம் நியாயமானது, இல்லை என்று சொல்ல மாட்டேன். செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்தாலும், வழக்கு நடக்கிறது என்று தொழிலாளர் இலாகா கடிதம் கொடுத்தால் இமிக்ரேசனில் சிறப்பு பாஸ் கேட்கலாம், மாதத்துக்கு 100 வெள்ளி. ஆனால் அதில் வேலை செய்ய முடியாது. உன் வீட்டு நிலைமைக்கு அது கஷ்டம். அதனால் வரிசையாகப் போவோம். முதலில் மெடிக்கல் முடியட்டும், பெர்மிட் புதுப்பித்து உன் கையில் வரட்டும். அந்த 4,000 எங்கேயும் ஓடிவிடாது, கவர் உன்னிடம் இருக்கிறது. இதற்கிடையே தொழிலாளர் இலாகாவில் போய் விவரம் கேட்டு வைக்கலாம், கேட்பதற்குப் பணம் கிடையாது. பிறகு வழக்காகப் போனாலும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுது. எத்தனை மணிக்கு வேலைக்கு நின்றாய், எத்தனை மணிக்கு விட்டார்கள், அன்று லீவா இல்லையா. பென்சில் வேண்டாம், பேனா.

தண்ணி_கலக்கும்_தம்பி (பினாங்கு)

சரி அக்கா. அடுத்த செவ்வாய் எனக்கு லீவு. போகலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மலாய் கடையில் பேசும் அளவுக்குத்தான் வரும்.

பட்டர்வொர்த்_கணக்கு_அக்கா (பினாங்கு)

நான் வருகிறேன். காலை ஃபெரி பிடித்து வந்துவிடுவேன், இறங்கியதும் உனக்குத் தனிச் செய்தியில் சொல்கிறேன். பாஸ்போர்ட், பெர்மிட் நகல் எடுத்து வா, ஊரில் கையெழுத்துப் போட்ட வேலை ஒப்பந்தம் கிடைத்தால் அதையும். கவர் பதினொன்றையும் மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள், பென்சில் எழுத்து அழிந்துவிடும்.